அடித்தகட்டின் ஓசை

சென்ற ஆவணியில் ஒரு மாலை, திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காட்டைத் தாண்டிய இடத்தில், என் வண்டியின் பின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. இருபுறமும் உப்பளம். ஜாக்கியை எங்கே வைப்பது என்று பார்க்கக் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, தரையில் ஒரு துண்டை விரித்து, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தேன். வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. 9,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. சைலன்சர் குழாயின் வளைவில், பின் அச்சில் வெல்டிங் ஓடிய கோடுகளில், சக்கரத்தின் நடுவே ஹப்பில், நாலைந்து போல்ட்டுத் தலைகளில் செங்காவி நிறம் படர்ந்திருந்தது. தொட்டேன், விரல் சிவந்தது. மேலே வெள்ளை வண்ணம் இன்னும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தது. ஸ்டெப்னியை மாட்டி முடிக்கும் வரை என் கை நிதானத்தில் இல்லை.

அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. வண்டியின் விலையில் பாதிக்கு மேல் வங்கிக் கடன். தவணை முடிய இன்னும் நாலு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் தரைத் தகடு அரித்துவிட்டால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தேன். விடியும் நேரத்தில் அப்பாவின் நினைவு வந்தது. இதே துருவை அப்பா பார்த்திருந்தால், கையைத் துடைத்துக்கொண்டு சக்கரத்தை மாற்றிவிட்டுப் போயிருப்பார். அப்பாவுக்குத் துருவைத் தெரியும். எனக்கு அதன் நிறம் மட்டும்தான் தெரிந்திருந்தது.

அப்பாவுக்கு உப்புத் தரகு. 1981-ல், நாலு வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கினார். அன்றைக்குச் சாலையில் கார் என்றால் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என்று மூன்று பெயர்களில் அடங்கிவிடும். ஒன்று மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்தது, ஒன்று பம்பாயில் செய்தது, இன்னொன்று நம் வண்டலூர்ப் பக்கத்தில் செய்தது. புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் ஓடிய வண்டிக்கே நல்ல விலை இருந்தது. வாங்கும்போதே எங்கள் வண்டியின் கதவுகளின் கீழ் விளிம்பில் வண்ணம் கொப்பளித்திருந்தது. அப்பா அதைப் பார்த்தார், விலையில் கொஞ்சம் குறைத்தார், வாங்கிவிட்டார். இன்று ஒருவர் சீட்டுத் துணியில் ஒரு கறையைக் காட்டி விலை பேசுவதைப் போல அது நடந்து முடிந்தது.

அந்த வண்டியைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உலகம் முழுவதும் கார்கள் அப்போது துருப்பிடித்துக்கொண்டுதான் இருந்தன. 1980-ல் பிரிட்டனில் லான்சியா நிறுவனம் தன் பீட்டா கார்களை, எஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டம் துருவால் அரித்த காரணத்துக்காக, வாங்கியவர்களிடமிருந்து விலை கொடுத்துத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் அந்தக் காரியம் கூடுதல் வேகத்தில் நடந்தது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில். அப்பா தினமும் காலையில் உப்பளத்து மண் பாதையில் போய் வருவார். சக்கரம் வாரி அடிக்கும் சேறே உப்புச் சேறு. முன்னால் போகும் உப்பு லாரியின் மரப்பலகை இடுக்கு வழியாக, நனைந்த சாக்கு மூட்டைகளின் நீர் சொட்டிக்கொண்டே போகும். அந்தச் சொட்டுக் கோட்டின் மேல்தான் எங்கள் வண்டி வரும்.

உப்பு எப்படி இரும்பைத் தின்கிறது என்பதைப் பள்ளியில் படித்தபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. இரும்பு, நீர், காற்றின் உயிர்வளி மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு அதில் செய்யும் வேலை இரண்டு. நீரில் மின்சாரம் எளிதாக ஓட வழி செய்கிறது. அந்த ஓட்டம்தான் அரிப்பு. அதோடு, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் கசியத் தொடங்கும். பாத்தியில் உப்பு விளைந்து வாரிய பிறகு அடியில் ஒரு கசப்பு நீர் மிஞ்சும். அதில் மக்னீசிய உப்பு அதிகம். அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். எங்கள் ஊரில் கடும் கோடையின் நடுப்பகலில்கூடக் காற்று அதைவிட உலர்வது அபூர்வம். ஆகவே உப்பளச் சேறு ஒட்டிய இரும்பு, நம் கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும், உண்மையில் வருடம் முழுவதும் நனைந்தே இருக்கிறது.

1983 மழைக்காலத்தில் பின் இருக்கைக்கு முன்னால் தரை போய்விட்டது. கயிற்றுப் பாய்க்கு அடியில் என் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. பாயை விலக்கினால் கீழே சாலை ஓடுவது தெரியும். எனக்கும் தங்கைக்கும் அது பெரிய வேடிக்கை. அம்மாவுக்கு அது பெரிய பயம். குண்டும் குழியுமான இடத்தில் தேங்கிய நீர் அதன் வழியே பீறிட்டுக் கால் நனையும். எட்டயபுரம் சாலையில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி போனது. அங்கே மேஸ்திரியாக இருந்தவரை நான் அன்றுமுதல் இன்றுவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கும் எந்திரம் கிடையாது. ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்குச் செங்கல் கட்டிய குழி ஒன்று. அதன் மேல் வண்டியை ஏற்றி நிறுத்துவார்கள். அண்ணாச்சி குழியில் இறங்கி, ஸ்குரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் மரக் கைப்பிடியால் தரைத் தகட்டை முன்னிருந்து பின்னாக ஓரடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு ‘ணங்’ என்று சொல்லும். நைந்த தகடு ‘சொத்’ என்று சொல்லும். அப்பா மேலே குந்தியிருந்து, தலையைச் சாய்த்து, கேட்டுக்கொண்டே வருவார். ஓரிடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

“அண்ணாச்சி, இந்த இடம் தாள் ஆயிட்டு. இந்த மழை தாங்கும், அடுத்த மழை தாங்காது” என்பார் மேஸ்திரி.

“அப்ப தைக்குப் பாத்துக்கிடுவோம் மேஸ்திரி” என்பார் அப்பா.

எதை இப்போது வெட்டுவது, எதை ஒரு வருடம் தள்ளுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்ற தீர்ப்பு முழுவதும் அந்த ஓசையில் இருந்தது. வண்டிக்கு வெளியே தெரியும் கதவு, மட்கார்டு இவற்றின் துருவை அப்பா பொருட்படுத்தியதில்லை. அடியில் அச்சும் ஸ்பிரிங்கும் பிடித்திருக்கும் இடங்களை மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை தட்டச் சொல்வார். தரை ஓட்டையானால் கால் நனையும்; அந்த இடம் ஓட்டையானால் உயிர் போகும்.

வெட்டிய இடத்துக்குப் புதுத் தகடு கடையில் கிடைக்காது. தட்டையான தகட்டை வாங்கி, கொட்டாப்புளியால் அடித்து வளைத்து, பழைய வரிப் பள்ளங்கள்கூட அப்படியே வரும்படி கையால் செய்து, கேஸ் வெல்டிங் வைத்து ஒட்டுவார்கள். பிறகு உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கை. துருவைத் தேய்க்கும் தாளுக்கு நம் மொழியில் உப்புத்தாள் என்று பெயர் இருப்பதை நான் அந்த ஒர்க்‌ஷாப்பில்தான் முதலில் யோசித்தேன். அண்ணாச்சி வைத்த அந்த ஒட்டு, 1996-ல் அப்பா வண்டியை விற்கும் வரை நின்றது. சுற்றியிருந்த தொழிற்சாலைத் தகடு அதற்கு முன்பே இரண்டு முறை மாறிவிட்டது.

வருடத்துக்கு ஒரு முறை, ஐப்பசி பிறப்பதற்கு முன், வண்டிக்கு ஆயில் ஸ்பிரே. எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலில் டீசல் கலந்து, கம்ப்ரசர் துப்பாக்கியால் அடிப்பாகம் முழுவதும் அடிப்பார்கள். ஒரு வாரத்துக்கு வீட்டு முன்வாசலில் அந்த வாடை நிற்கும். சிமெண்டுத் தரையில் கறுப்புச் சொட்டுகள் விழும். அம்மா தீபாவளிக்குக் கோலம் போட இடமில்லாமல் சலித்துக்கொள்வாள். அப்பாவோ, வீட்டில் எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல் உண்டென்றால் வண்டிக்கும் உண்டு என்பார். அது நல்ல பாதுகாப்புதான்: எண்ணெய் ஒட்டிய இடத்தில் நீர் ஒட்டாது, இடுக்குகளில் புழுதியோடு சேர்ந்து ஒரு கெட்டி மேலாடை உண்டாகும். ஆனால் அந்த எண்ணெய் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுத்தது. ஒர்க்‌ஷாப் குழியைச் சுற்றி இருபதடிக்கு மண் கரியாகக் கிடந்தது. அங்கே ஒரு புல் முளைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் வண்டி பிழைக்க அந்த மண் கொடுத்த விலை அது. அன்று அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

இன்றைய வண்டி துருவிலிருந்து தப்புவது வேறொரு வழியில். அதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வெல்டிங் முடிந்த வெற்று உடலை முழுவதுமாகக் கழுவி, துத்தநாக பாஸ்பேட் கரைசலில் நனைத்து, பிறகு நீரில் கரைத்த வண்ணம் நிறைந்த தொட்டியில் மொத்தமாக மூழ்கடிக்கிறார்கள். தொட்டிக்கும் உடலுக்கும் இடையே 200 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம். வண்ணத் துகள்கள் மின்சாரத்தால் இழுக்கப்பட்டு, துப்பாக்கி எட்டாத பெட்டிக் குழிகளின் உட்சுவர் வரை போய் ஒட்டுகின்றன. ஓரிடம் மூடிவிட்டால் அங்கே மின்சாரம் ஓடாது. மூடாத இடத்தைத் தேடி அடுத்த துகள் போகும். வெளியே எடுத்து 160 முதல் 180 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். கிடைப்பது 20 மைக்ரான் அளவுள்ள ஒரு படலம், தலைமுடியைவிட மெல்லியது. இந்த முறை 1960-களில் ஃபோர்டு நிறுவனத்தில் தொடங்கியது. உடலை எதிர்மின் முனையாக்கும் இன்றைய வடிவம் 1976-ல் கார்களுக்கு வந்தது. இரும்புத் தகட்டுக்கே துத்தநாகப் பூச்சு கொடுப்பதும் அதே காலத்தில்தான் வேர் பிடித்தது: போர்ஷே 911 1970-களின் நடுவில், ஆடி 100 1985-ல். துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டு, இரும்பைக் காக்கிறது.

அப்பாவின் வண்டியில் தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருந்தது. இன்றைய வண்டியின் வெளித்தகடு 0.7 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கிறது. அன்று பூச்சு மோசம். ஆனால் தின்பதற்கு இரும்பு நிறைய இருந்தது, துரு தின்னத் தின்ன வருடங்கள் கழிந்தன. இன்று பூச்சு அருமை. அதன் பின்னால் நிற்கும் இரும்பு, வலிமையில் கூடியிருந்தாலும், தடிமனில் குறைவு. காவல் தகட்டின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு இடம் மாறிவிட்டது. அதனால்தான் மேற்பரப்பில் ஒரு நிற மாற்றத்தைக் கண்டால் இன்று நமக்குப் பதறுகிறது. அந்தப் பதற்றத்தில் ஒரு நியாயம் இருக்கிறது.

சக்கரம் மாற்றிய மறுநாள் முதலில் நான் போனது வண்டி வாங்கிய இடத்தின் சர்வீஸ் பிரிவுக்கு. ஒரு இளைஞர் கணினித் திரையைப் பார்த்தபடியே, அண்டர்பாடி கோட்டிங் போட்டுவிடலாம் சார், இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகை சொன்னார். துரு எங்கே என்று கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் குனியவுமில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு ஒரு வண்டிக்கு ஒதுக்கியிருக்கும் நிமிடங்கள் அவ்வளவுதான். ஆனால் யாராவது ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அங்கிருந்து நேரே அண்ணாச்சியிடம் போனேன்.

ஒர்க்‌ஷாப்பை இப்போது அவர் மகன் நடத்துகிறார். குழியை மூடி டைல்ஸ் போட்டு, இரண்டு தூண் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் வண்டியைத் தூக்கியதும் எழுந்து வந்து அடியில் நின்றார். சைலன்சர் குழாயைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, விரலைக் காட்டினார். ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால் அதே இடத்தைச் சுரண்டினார். காவி நிறம் போய் அடியில் வெள்ளையாக உலோகம் தெரிந்தது.

“பயப்படாதீய தம்பி. இது குரோமியம் கலந்த இரும்பு. மேல நெறம் மாறும், உள்ள போவாது. அப்பா வண்டிக்கு சைலன்சர் எத்தன மாத்தினோம், நெனவிருக்கா?”

இருந்தது. வெறும் இரும்புச் சைலன்சர் எங்கள் வண்டியில் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்கியதில்லை. அது வெளியிலிருந்து மட்டும் அரிபடுவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக அந்தக் குழாய் வழியே போகிறது. குறைந்த தூரம் ஓட்டி நிறுத்தினால், குழாய் சூடேறுவதற்குள் அந்த நீர் உள்ளேயே தங்கி அரிக்கும். அப்பாவுக்கோ வீட்டிலிருந்து அளம், அளத்திலிருந்து வீடு. இன்று அந்தக் குழாயைச் சுமார் 11 சதவீதம் குரோமியம் கலந்த எஃகில் செய்கிறார்கள். வீட்டுப் பாத்திரத்து எவர்சில்வரில் அதைவிட நிறைய குரோமியமும் நிக்கலும் உண்டு. அதனால் அது மின்னுகிறது, இது பழுப்பாகிறது. பழுப்பானாலும் ஓட்டை விழுவதில்லை.

அண்ணாச்சி ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டே போனார். பிரேக் டிஸ்க்கும் ஹப்பும் வார்ப்பிரும்பு; டிஸ்க்கில் பூச்சு பூசினால் பிரேக் பிடிக்காது. கழுவி நிறுத்தினால் மறுநாள் காலை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். தெருமுனையில் ஒரு தடவை பிரேக்கை மிதித்தால் போய்விடும். வெல்டிங் கோட்டில் துரு முதலில் வருவதற்கும் காரணம் உண்டு. வெல்டிங் உருகி ஆறும்போது மேலே கண்ணாடி போன்ற கசடு புள்ளி புள்ளியாகத் தங்கும். அதன் மேல் பாஸ்பேட் பிடிக்காது, வண்ணம் நிலைக்காது. கூரான விளிம்புகளிலும் அப்படித்தான்: சுடும்போது வண்ணம் விளிம்பை விட்டு விலகி மெலிந்துபோகும். பின் அச்சின் இரும்பு இந்தத் தகடுகளைப் போல் இல்லை, பல மடங்கு கனம். அதில் மேலோடு ஒரு துரு வந்தால், துடைத்துப் பூசிவிட்டு மறந்துவிடலாம்.

“எது பயப்படுற துரு?” என்று கேட்டேன்.

“வண்ணம் கொப்பளிச்சா பயப்படணும். ஏடு ஏடா உரிஞ்சா பயப்படணும். ரெண்டு தகடு சேர்ற இடுக்குல இருந்து காவித் தண்ணி ஒழுகிச்சின்னா, அன்னைக்கே வந்திரணும்.”

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் உள்ளே இருக்கும் துரு வண்ணத்தைத் தள்ளிக் கொப்பளிக்க வைக்கிறது. மேலே தூள் தூளாக இருப்பது வெளியே நிற்கும் துரு. கொப்பளம் உள்ளே குடியேறிவிட்ட துரு. இன்று ஐரோப்பாவில் பல நிறுவனங்கள், துரு உள்ளிருந்து தகட்டைத் துளைக்காது என்று 12 ஆண்டு உறுதி கொடுக்கின்றன. அந்த உறுதியிலும் பேச்சு துளைப்பதைப் பற்றியே. நிறம் மாறுவதைப் பற்றி அல்ல. அண்ணாச்சி கட்டைவிரலாலும் நாணயத்தாலும் பிரித்துக் காட்டிய வேறுபாடு அதுவே.

கோட்டிங் போடலாமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. போடுவதென்றால் நன்றாகக் கழுவி, இரண்டு நாள் காயவைத்து, தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல் போட வேண்டும். ஈரத்தின் மேலும் உப்பின் மேலும் பூசினால் கள்ளனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டியது போல என்றார். மாதம் ஒரு தடவை அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினாலே பாதி வேலை முடிந்தது.

நல்ல தண்ணீர் என்று அவர் சொன்ன சொல்லுக்கு எங்கள் ஊரில் தனிக் கனம் உண்டு. தூத்துக்குடியில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். அன்றைக்கு வண்டி கழுவும் இடங்களில் அந்தத் தண்ணீரையே பீய்ச்சி அடித்தார்கள். சேறு போனது, உப்பு சேர்ந்தது. குடிதண்ணீர் வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். ஒரு குடத்துக்குப் பெண்கள் விடியற்காலையில் வரிசையில் நின்ற நாட்களில் அதை வண்டிக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? அப்பா மழையையே நம்பினார். முதல் மழை பெய்து சாலை கழுவப்பட்ட பிறகு, இரண்டாவது மழையில் வண்டியைத் தெருவில் நிறுத்திவிடுவார். இன்று என் வீட்டு மாடியில் விழும் மழை தொட்டியில் சேர்கிறது; சின்ன பம்ப் ஒன்றும் வைத்திருக்கிறேன். அன்று இல்லாத வசதி இது.

இந்தக் கடற்கரைக்கு இரும்போடு நீண்ட வழக்கு உண்டு. காரைக்குடியில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்தில் கடலை ஒட்டி ஒரு சோதனை இடம் அமைத்து, உலோகத் துண்டுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வைத்துப் பார்த்து வந்திருக்கிறது. பக்கத்திலேயே பாம்பன். 1914-ல் திறந்த ரயில் பாலத்தை, துரு சுரண்டி வண்ணம் பூசும் ஆட்களின் கைதான் நூறு வருடத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, வெளியே பாலிசிலோக்சேன் வண்ணம். அங்கே நடந்ததும் என் வண்டியில் நடந்ததும் ஒரே மாற்றம். அன்றாடம் ஒருவர் போய்ப் பார்த்து, தொட்டு, சுரண்டிக் காத்த இரும்பை, இன்று ஒரு முறை நன்றாகப் பூசிவிட்டுப் பல ஆண்டு நம்பியிருக்கிறோம்.

இதில் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. என் பேத்தி பின் இருக்கையில் காலை ஆட்டிக்கொண்டு வருகிறாள். அவள் காலடித் தரை அவள் கல்லூரிக்குப் போகும் வரை அப்படியே இருக்கும். அண்ணாச்சியின் மகன் ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி வேம்பும் செம்பருத்தியும் நிற்கின்றன. மண் கரியாக இல்லை. கேஸ் வெல்டிங் புகையிலும் ரெட் ஆக்சைடு தூளிலும் மூச்சு வாங்கிய ஒரு தலைமுறையின் நெஞ்சுச் சளி அடுத்த தலைமுறைக்கு இல்லை.

போனதும் உண்டு. மகனுக்குக் கொட்டாப்புளி பிடிக்கத் தெரியாது, தேவையும் இல்லை. கதவு நசுங்கினால் புதுக் கதவு வருகிறது, காப்பீட்டுப் பணம் வருகிறது. தட்டையான தகட்டிலிருந்து ஒரு மட்கார்டின் வளைவைக் கண் அளவில் எழுப்பிய கைகள் எங்கள் ஊரில் இனி நாலைந்து இருக்கலாம். என் தெருவில் பெரும்பாலோர் ஏழெட்டு வருடத்தில் வண்டியை மாற்றிவிடுகிறார்கள். அப்பா ஒரு வண்டியோடு பதினைந்து வருடம் இருந்தார். அதன் அடித்தகட்டில் எந்த ஒட்டு எந்த வருடத்து மழைக்குப் போட்டது என்று அவரால் சொல்ல முடிந்தது. இன்று துரு வருவதற்கு முன்பே வண்டி கை மாறிப்போகிறது. அதன் அடிப்பாகம் எப்படி இருந்தது என்று முதல் சொந்தக்காரருக்குக் கடைசி வரை தெரியாது.

2023 டிசம்பர் வெள்ளம் இன்னொன்றைக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் மூன்று நாள் நீர் நின்றது. கார்கள் சீட்டு வரை மூழ்கிக் கிடந்தன. அப்பாவின் காலத்து வண்டி என்றால் ஆயிலை வடித்து, பிளக்கைக் கழற்றிக் காயவைத்து, ஒரு வாரத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். துரு பிறகு மெதுவாக வந்து கணக்கைத் தீர்க்கும். இப்போது வண்டிகளின் தகடு ஒன்றும் ஆகாமல் புதிதாகவே நின்றது. உள்ளே கணினிப் பெட்டிகளும் கம்பிக் கட்டும் நனைந்து, பல வண்டிகள் அப்படியே காயலான் கடைக்குப் போயின. பளபளக்கும் உடலோடு அவை லாரியில் ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவின் நாளில் உப்பு இங்கிருந்து போயிற்று, கார்கள் எங்கிருந்தோ வந்தன. 2025 ஆகஸ்ட்டில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் தொழிற்சாலை தூத்துக்குடியிலேயே திறந்தது. சைலன்சரே இல்லாத வண்டி. அடியில் நெடுக மூடிய பேட்டரிப் பெட்டி. தங்கள் வண்டியின் அடிப்பாகத்தை ஒரு முறைகூடப் பார்க்காமலே வளரும் பிள்ளைகள் அதில் போவார்கள்.

புரட்டாசியில், கொண்டல் காற்று திரும்புவதற்கு முன், தொட்டி நீரால் அடிப்பாகம் முழுவதையும் கழுவி, ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு, வண்டியை அண்ணாச்சியிடம் கொண்டு போனேன். மகன் பின் அச்சின் வெல்டிங் கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து, துத்தநாகப் பெயிண்ட் பூசினார். அரை மணி நேர வேலை. முடிந்ததும் அண்ணாச்சி உள்ளே போய், மரக் கைப்பிடி போட்ட பழைய ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்தார். தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் நின்று, அதைத் திருப்பிப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து தட்டத் தொடங்கினார். முதல் நாலைந்து தட்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அங்கெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அவர் நிறுத்தவில்லை. பின் இருக்கைக்குக் கீழே, மூடி முடிந்து தகடு வெளியே தெரியும் இடத்துக்கு வந்தார். நானும் அருகில் போய்த் தலையைச் சாய்த்து நின்றேன். தட்டினார்.

“கேட்டியளா?” என்றார்.

இன்னொரு தடவை தட்டச் சொன்னேன்.